எப்போது முடியும் என்று தெரிந்தால் போதும்

மாலை ஐந்து மணி. கீழ் கோத்தகிரிப் பக்கத்து வீடுகளில் எல்லோரும் ஒன்றாக வந்து சேர்கிற நேரம் அது. கொழுந்து பறிக்கப் போன அம்மா எடை போட்டுவிட்டு வந்து காலைக் கழுவுகிறார். ராத்திரி ஷிப்டுக்கு பேக்டரிக்குப் போக வேண்டிய அப்பா, இன்னும் ஒரு மணி நேரம் கண்ணயரலாமா என்று பார்க்கிறார். பாட்டி போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் பையன் புத்தகப் பையை ஓரமாகப் போட்டுவிட்டு டிரம்ஸ் குச்சிகளை எடுக்கிறான். பத்து நிமிடத்தில் அடுப்படியிலிருந்து குரல் வருகிறது: “டேய், போதும்டா, நிறுத்து!” உள்ளேயிருந்து பதில்: “இன்னும் அஞ்சு நிமிஷம்மா!” அந்த அஞ்சு நிமிஷம் அரை மணி நேரமாகிறது. அன்றைக்கான சண்டை ஆரம்பித்துவிட்டது.

டிரம்ஸ் இருக்கும் இடத்தில் கீபோர்டு, வயலின், கிட்டார், பறை என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். சர்ச் கொயருக்காகப் பழகுகிறவன், பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பழகுகிறவள், யூடியூபைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்கிறவன் என்று பிள்ளைகள் பலவிதம். வீட்டில் வெடிக்கும் சண்டை மட்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம். இந்தச் சண்டை தீர்க்கக்கூடியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கருவியை விற்கவும் வேண்டாம், பாட்டியைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். சத்தம் எப்படி நகர்கிறது, அது யாரை ஏன் வதைக்கிறது, பழகுகிற பிள்ளைக்கு உண்மையில் என்ன தேவை என்ற மூன்றும் புரிந்துவிட்டால் வழி தானாகத் தெரியும்.

இசையோடு வாழ்ந்த மலை

கீழ் கோத்தகிரியில் இருந்துகொண்டு இசையைத் தொல்லை என்று மட்டும் பேசிவிட முடியாது. நீலகிரியில் கோத்தர் பழங்குடியினருக்கு ஏழு ஊர்கள்; கோக்கால் என்பார்கள். அவற்றில் ஒன்று கீழ் கோத்தகிரியில் இருக்கிறது. இரும்பு வேலை, மர வேலை, பானை வனைதல் ஆகியவற்றோடு இந்த மலையின் இசைக்காரர்களாகவும் நெடுங்காலம் இருந்தவர்கள் கோத்தர்கள். இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் குழல், பலவகைத் தோல் கருவிகள், வளைந்த கொம்பு என்று அவர்களிடம் இருப்பவை எல்லாம் திறந்த வெளியில் ஊர் முழுக்கக் கேட்பதற்காகவே செய்யப்பட்டவை. இதே மலையில் வாழும் படகர் வீட்டுச் சாவுக்கும் அவர்கள் வந்து வாசித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த இசை இனி வேண்டுமா, வேண்டாமா என்று படகர்களுக்குள்ளேயே பெரிய பிணக்கு வந்தது. இசையை முன்னிட்டு வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் மனத்தாங்கல் வருவது இந்த மலைக்குப் புதிதல்ல.

கோத்தர் இசையில் நமக்குப் பாடமாக ஒன்று இருக்கிறது. தெய்வத்துக்கு உரிய மெட்டுகள் வேறு, ஆட்டத்துக்கு உரியவை வேறு, சாவுக்கு உரியவை வேறு. அமெரிக்க இசை ஆய்வாளர் ரிச்சர்ட் உல்ஃப் கோத்தர்களைப் பற்றி 2005ல் வெளியிட்ட நூல், அவர்கள் வாழ்வில் நேரமும் இடமும் இசையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைத்தான் விரிவாகச் சொல்கிறது. எந்த மெட்டு எந்த நாளில், எந்த இடத்தில் ஒலிக்கும் என்பது ஊருக்கே தெரியும். திருவிழாவில் குழலும் பறையும் காதடைக்க ஒலித்தாலும் யாரும் அதைத் தொல்லை என்று சொல்வதில்லை. அது ஏன் ஒலிக்கிறது, எப்போது ஓயும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் தேடும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

அறையை விட்டு ஓடும் சத்தம்

முதலில் கருவியைப் பார்ப்போம். வீணை அறைக்குள் வாசிக்கப் பிறந்தது. நாகசுரமும் தவிலும் கோயில் வீதிக்குப் பிறந்தவை. பறை ஊர்ப் பொதுவில் அடிக்கப் பிறந்தது. டிரம்ஸ் செட் பெரிய பேண்டு வாத்தியங்களுக்கு நடுவே தனித்துக் கேட்க வேண்டும் என்பதற்காக வளர்ந்தது. இவற்றைப் பத்துக்குப் பத்து அறைக்குள் கொண்டுவந்து வாசிக்கும்போது, பிள்ளை மெதுவாக அடித்தாலும் அறை தாங்காது. அது பிள்ளையின் திமிர் அல்ல, கருவியின் இயல்பு.

சத்தத்தை டெசிபல் கணக்கில் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60. டிரம்ஸ் அடிப்பவரின் காதருகே 100ஐத் தாண்டும். இந்தக் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பலமாகக் கேட்கிறது. அதனால் 100 என்பது 60ஐவிடக் கொஞ்சம் அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆற்றலில் அது 10,000 மடங்கு.

அந்தச் சத்தத்தை முக்கியமாகத் தடுப்பது கனம்தான். ஒரு சதுர மீட்டர் கூரைத் தகரம் சுமார் 4 கிலோ இருக்கும். அதே அளவு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 400 கிலோவுக்கு மேல். கனம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது பொது விதி. சுவர் கனமாக இருந்தும் ஷீட் போட்ட வீடுகளில் சத்தம் ஊருக்கே கேட்பது இதனால்தான்; கூரை வழியாகப் போய்விடுகிறது. எஸ்டேட் லைன் வீடுகளிலும் படகர் ஊர்களான ஹட்டிகளில் வரிசையாகக் கட்டிய வீடுகளிலும் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். அந்தச் சுவர் கூரை வரை எழும்பாமல் மேலே இடைவெளி இருந்தால், இரண்டு வீட்டுக்கும் காற்று ஒன்றுதான், சத்தமும் ஒன்றுதான்.

தண்ணீர்த் தொட்டியில் ஒரு சிறு ஓட்டை இருந்தால் மீதிச் சுவர் எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. சத்தமும் அப்படித்தான். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற 99 பங்கு எத்தனை கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவுக்கு அடியில் இருக்கும் விரற்கடை இடைவெளி, ஜன்னல் சட்டத்தின் விரிசல், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்து: முதலில் அடைக்க வேண்டியவை இவைதான். கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டைக்குப் பெரிய செலவில்லை. சுவரில் முட்டை அட்டையும் தெர்மோகோலும் ஒட்டுவது பலர் சொல்லும் யோசனை. இரண்டும் எடையற்றவை, அவற்றால் சத்தம் வெளியே போவதைத் தடுக்க முடியாது. கனமான கம்பளியைத் தொங்கவிட்டால் அறைக்குள் எதிரொலி குறையும், வாசிக்கிறவருக்கே காதுக்கு இதமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்குப் போவது அதனால் பெரிதாகக் குறையாது. துணியும் புத்தகமும் நிறைந்த பீரோவைப் பொதுச் சுவரோடு ஒட்டி வைப்பது கொஞ்சம் உதவும்.

காற்றில் போகும் சத்தம் ஒன்று, தரையில் இறங்கும் அதிர்வு இன்னொன்று. டிரம்ஸின் கால் பெடல் தரையைத்தான் குத்துகிறது. ஹெட்போன் போட்டு வாசிக்கும் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கிக் கொடுத்த பிறகும் “தும் தும்னு கேட்குது” என்று அடுத்த அறையில் சொன்னால், பையன் மேல் கோபப்பட வேண்டாம். அது தரை வழியாக வருகிறது. இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கு நடுவே பழைய டென்னிஸ் பந்துகளை வரிசையாகப் பொருத்தி, அந்த மேடைமேல் டிரம்ஸை வைப்பது உலகம் முழுக்க டிரம்ஸ்காரர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு. பந்து அந்தக் குத்தை வாங்கிக்கொள்ளும்.

மலைக்கு என்று தனிக் கணக்கும் உண்டு. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே போகப் போகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். அப்போது சத்தம் மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமில்லாத சாயங்காலம் தரை சட்டென்று குளிர்ந்துவிடுகிறது. பள்ளத்தில் குளிர்காற்று தங்க, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கிறது. அப்போது சத்தம் கீழ்நோக்கி வளைந்து தரையை ஒட்டியே வெகுதூரம் போகும். வாகன இரைச்சலும் இல்லாத அமைதியில், பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் இருக்கும் வீட்டுக்குக்கூட ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்கும். உறைபனிக் காலத்தில் மதியம் மூன்று மணிக்கு அடிப்பதும் இரவு எட்டு மணிக்கு அடிப்பதும் ஒன்றல்ல. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கும். அக்டோபர், நவம்பரில் ஷீட்டின் மேல் கொட்டும் மழை எல்லாச் சத்தத்தையும் மூடிவிடும். டிரம்ஸ் பழக அதைவிட நல்ல நேரம் கிடையாது.

வலி எங்கே இருக்கிறது

இனி கேட்பவர்கள் பக்கம் வருவோம். பாட்டியைப் பற்றி வீட்டில் ஒரு குறை சொல்வார்கள்: “பக்கத்துல நின்னு கூப்பிட்டா காது கேட்காது, இது மட்டும் எப்படித் தாங்கலையாம்?” பாட்டி பொய் சொல்லவில்லை. வயதாகும்போது உள்காதின் நுண்ணிய மயிர்ச் செல்கள் குறைந்துபோகின்றன. மெல்லிய ஒலி கேட்காமல் போகும். ஒரு அளவைத் தாண்டியதும் சத்தம் திடீரென்று பலமாகி வலிக்கும். இரண்டும் ஒரே காதில், ஒரே காரணத்தால் நடப்பவை. தாழ்ந்த சுருதியைவிட உயர்ந்த சுருதியைக் கேட்கும் திறன்தான் முதலில் போகும் என்பதால், பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவாக விழாமல், டிரம்ஸின் தும் மட்டும் முழுசாக விழுகிறது. இதைப் பையனிடம் யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னால் அவனுக்கும் பாட்டி மேல் கோபம் வராது.

ராத்திரி ஷிப்டுக்குப் போகும் அப்பாவுக்கு வேறு கஷ்டம். கொழுந்து வாடுவதும் அரைபடுவதும் உலர்வதும் ராத்திரியெல்லாம் நடக்கிற வேலை. அவருக்குப் பகல்தான் ராத்திரி. மற்றவர் தூக்கத்தை மதிக்கிற குடும்பத்தில் அவருடைய பகல் தூக்கத்துக்கு மட்டும் விலக்கு வைக்க முடியாது.

இவை எல்லாவற்றையும் தாண்டி அடிப்படையான ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் சத்தத்தைப் பற்றித் தொடர்ந்து சோதனைகள் நடத்தி, 1972ல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். ஆட்களை உட்காரவைத்து வேலை கொடுத்து, நடுநடுவே சுமார் 108 டெசிபல் சத்தத்தை ஒலிக்கவிட்டார்கள். சிலருக்குச் சீரான இடைவெளியில், சிலருக்கு எப்போது வரும் என்று தெரியாதபடி. சத்தம் முடிந்த பிறகு புதிர் போடச் சொன்னார்கள், அச்சுப்பிழை திருத்தச் சொன்னார்கள். ஒரே அளவு சத்தத்தைக் கேட்டிருந்தும், எப்போது வரும் என்று தெரியாமல் கேட்டவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழைகளையும் அதிகம் தவறவிட்டார்கள். இன்னொரு சோதனையில் சிலரிடம் ஒரு பொத்தானைக் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்றார்கள். அழுத்தாமலேயே இருந்தவர்கள்கூட, பொத்தான் கையில் இருந்த ஒரே காரணத்தால், மற்றவர்களைவிட நன்றாக வேலை செய்தார்கள்.

நான் சொல்ல வந்தது முழுவதும் இதற்குள் அடங்கும். வீட்டில் வதைப்பது பெரும்பாலும் சத்தத்தின் அளவு அல்ல. அது எப்போது முடியும் என்று தெரியாததும், நிறுத்தச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்ற உணர்வும்தான். “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்ற பதில் சண்டையை வளர்ப்பது அதனால்தான். சொன்ன அஞ்சு நிமிஷத்தில் ஒருமுறைகூட முடியாது என்று அம்மாவுக்குத் தெரியும். அடுத்த அடி எப்போது விழும், எந்த இடத்தில் தடுக்கும், எத்தனை முறை அதே இடத்துக்குத் திரும்பும் என்று காத்துக்கொண்டே இருக்க வேண்டிய வேதனை அது.

பிள்ளைக்கு என்ன நடக்கிறது

பிள்ளையின் பக்கமும் கேட்க வேண்டும். மேடையில் கேட்பது பாட்டு. வீட்டில் கேட்பது பழக்கம். பழக்கம் என்றால் தவறுகிற அந்த நான்கு அடிகளை எடுத்து, வேகத்தைக் குறைத்து, கை தானாகப் போகும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பது. நன்றாகத் தெரிந்த பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அடித்துக்கொண்டிருக்கிற பிள்ளை வீட்டுக்கு இனிமையாக இருப்பான், ஆனால் அன்று அவன் எதையும் புதிதாகக் கற்கவில்லை. சரியாகப் பழகுகிற பிள்ளைதான் கேட்கச் சகிக்காதவன். இந்த உண்மையைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டாலே மனம் பாதி ஆறிவிடும்.

அந்த நான்கு அடிகளின் நடுவில் “நிறுத்து!” என்று கத்தினால், அதுவரை சேர்த்த கவனம் சிதறும். அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்குவான், அதனால் சத்தம் இன்னும் நீளும். எந்த நிமிடமும் தடுக்கப்படலாம் என்ற பயத்தில் வாசிக்கிற பிள்ளை அவசரமாக, பலமாக, மோசமாக வாசிப்பான். முடிவு எப்போது வரும் என்று தெரியாமல் அம்மா தவிப்பதுபோலவே, தடை எப்போது வரும் என்று தெரியாமல் அவனும் தவிக்கிறான். இருவருக்கும் ஒரே நோய், ஒரே மருந்து.

நேரத்தைப் பற்றிய சண்டைக்கு உடலும் ஒரு காரணம். பருவ வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழும் அம்மாவுக்கு எட்டரைக்குக் கண் சொருகும்போது, பதினாறு வயதுப் பிள்ளைக்கு அப்போதுதான் மூளை சுறுசுறுப்பாகும். அவன் வேண்டுமென்றே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை.

பழகுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஜெர்மனியின் பெர்லினில் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய குழுவும் 1993ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. மிகச் சிறந்த மாணவர்கள் தனியாக அதிக நேரம் பழகினார்கள் என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அவர்கள் அந்த நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, நடுவில் நன்றாக ஓய்வெடுத்தார்கள், போதுமான அளவு தூங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு, என்ன பழகப் போகிறோம் என்று தெரிந்து உட்காரும் நாற்பது நிமிடம், நோக்கமில்லாத இரண்டு மணி நேரத்தைவிட மேலானது.

அந்த நாற்பது நிமிடம் முழுவதும் சத்தமாக இருக்க வேண்டியதும் இல்லை. நம் மரபில் மிருதங்கம் கற்கும் பிள்ளை சொற்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டுப் பாடம் ஏற்றிக்கொண்ட பிறகே தோலில் கை வைக்கும். வாயில் ஏறாத பாடம் கையில் ஏறாது என்பது ஆசான்களின் அனுபவம். பாஸ்குவல் லியோன் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1995ல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு வழியில் காட்டியது. பியானோவில் ஒரு விரல் பயிற்சியைச் சிலர் நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து நாள் வாசித்தார்கள். சிலர் விரலை அசைக்காமல் மனதிலேயே வாசித்தார்கள். மனதில் வாசித்தவர்களின் மூளையிலும் விரல்களுக்கான பகுதி மாறியது, வாசிப்பும் கணிசமாக முன்னேறியது. அதனால் எட்டரை மணிக்குப் பிள்ளைக்கு உற்சாகம் வந்தால், அதைச் சொற்கட்டுக்கும் மனப்பாடத்துக்கும் ரப்பர் பலகைக்கும் திருப்பிவிடலாம். லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டை ஒரு ப்ளைவுட் பலகையில் ஒட்டினால் டிரம்ஸ் பழகும் பலகை தயார். மணிக்கட்டின் வேலை முழுவதையும் அதில் பழகலாம். வயலினுக்குக் குதிரையின் மேல் மாட்டும் கனத்த ரப்பர் மியூட் உண்டு. கீபோர்டுக்கு ஹெட்போன் போதும்.

வீட்டில் ஓர் ஏற்பாடு

இப்போது எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். சண்டை நடக்கும் நேரத்தில் வேண்டாம், சாப்பிட்ட பிறகு. ஒரு தாளில் யார் எப்போது தூங்குகிறார்கள், யாருக்கு எப்போது ஓய்வு வேண்டும் என்று எழுதுங்கள். அப்பாவின் ஷிப்டு வாரம், பாட்டியின் மதியத் தூக்கம், தங்கையின் பரீட்சை எல்லாம் அதில் வரட்டும். மிஞ்சும் இடத்தில் சத்தமான பழக்கத்துக்கு நேரம் குறியுங்கள். ஐந்தரை முதல் ஆறு பத்து வரை என்றால், ஆரம்பத்தைவிட முடிவுதான் முக்கியம். ஆறு பத்துக்கு அலாரம் அடித்ததும், எந்த அடியில் இருந்தாலும் குச்சியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக அந்த நாற்பது நிமிடமும் யாரும் கதவைத் தட்டக் கூடாது, கடைக்குப் போகச் சொல்லக் கூடாது, அடுப்படியிலிருந்து கத்தக் கூடாது. வாக்கை இரண்டு பக்கமும் காப்பாற்றினால்தான் இது நிற்கும். முதல் வாரம் பிள்ளை ஒரு நிமிடம்கூட மீறாமல் நிறுத்தினால், இரண்டாம் வாரத்திலிருந்து அம்மாவின் காதில் அதே சத்தம் குறைவாகக் கேட்கும்.

அடுத்து, பாட்டியின் கையில் அந்தப் பொத்தானைக் கொடுங்கள். குறித்த நேரத்துக்குள்ளேயே இருந்தாலும், பாட்டி “இன்னைக்கு வேண்டாம்பா” என்று சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. ஷிப்டு வாரத்தில் அந்த உரிமை அப்பாவுக்கும் உண்டு. பிள்ளை பயப்படுவான், தினமும் நிறுத்திவிடுவார்களே என்று. பெரும்பாலும் அப்படி நடக்காது. உரிமை கையில் இருக்கிறவருக்கு அதைப் பயன்படுத்தும் அவசரம் இருக்காது.

பக்கத்து வீட்டுக்கும் இதே முறைதான். பெற்றோர் போவதைவிடப் பிள்ளையே போய், “அக்கா, அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஆறு பத்துக்கு முடிச்சிடுவேன். பாப்பா தூங்கினா ஒரு குரல் கொடுங்க, நிறுத்திடறேன்” என்று சொல்லட்டும். சொல்லிவிட்டு, நண்பன் ஒருவனை இங்கே டிரம்ஸ் அடிக்கச் சொல்லி, பிள்ளை அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு நிமிடம் நின்று கேட்கட்டும். தன் சத்தம் அடுத்த வீட்டுக்குள் எப்படி விழுகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்ட பிள்ளை, கதவுச் சந்தை அடைக்கத் தானே ரப்பர் பட்டை தேடுவான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. தனியார் இடத்தில் இசைக்கருவி வாசித்தால், அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. டிரம்ஸ் அடிக்கும் வீடு இதை எளிதில் மீறிவிடும் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். அதனால் பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்வதை உரிமையாக எண்ணாமல் உதவியாக எண்ணி நன்றி சொல்லுங்கள். போலீஸ் வரை போன பிறகு கிடைக்கும் அமைதியில் இரண்டு வீட்டுக்கும் நிம்மதி இருக்காது.

பிள்ளையின் காதையும் மறந்துவிடாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழில் இடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரை. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். மூடிய சின்ன அறையில் டிரம்ஸ் அடிக்கிறவர் காதடைப்பான் போட்டே ஆக வேண்டும். சத்தத்தால் செத்த உள்காதுச் செல் மறுபடி முளைக்காது. இசையை நேசிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

வீட்டுக்கு வெளியே

எவ்வளவு செய்தும் வீடு தாங்கவில்லை என்றால் வேறு இடம் தேடுவதில் அவமானம் இல்லை. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் காசியில் கங்கைக் கரையில் இருக்கும் பாலாஜி கோயிலில்தான் பழகினார். அமெரிக்க ஜாஸ் கலைஞர் சோனி ராலின்ஸ் 1959ல், ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், இன்னும் கற்க வேண்டும் என்று மேடையை விட்டு விலகினார். நியூயார்க்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பெண் கர்ப்பமாக இருந்தார். சாக்ஸபோன் சத்தம் அவரைத் தொல்லை செய்யும் என்று நினைத்து, ராலின்ஸ் கருவியை எடுத்துக்கொண்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனார். வெயிலோ பனியோ, 1961 வரை அந்தப் பாலத்தின் மேல் மணிக்கணக்கில் வாசித்தார். திரும்பி வந்ததும் 1962ல் வெளியிட்ட ஆல்பத்துக்கு பாலம் என்றே பெயர் வைத்தார். பக்கத்து வீட்டாரை மதித்து அவர் எடுத்த முடிவால் அவருடைய இசை சிறுத்துப்போகவில்லை.

நம் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சர்ச் ஹால், சமுதாயக் கூடம், பள்ளி விட்ட பிறகு காலியாக இருக்கும் வகுப்பறை, எஸ்டேட் விளையாட்டுத் திடல் என்று பல இடங்கள். அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கிட்டார், பறை, வயலின் எல்லாம் தோளில் சுமந்து போகக்கூடியவை. காட்டை ஒட்டிய இடங்களில் காட்டுமாடும் கரடியும் நடமாடும் என்பதால் இருட்டுவதற்கு முன் வீடு திரும்புவதும், துணைக்கு ஒருவரை அழைத்துப் போவதும் அவசியம்.

கடைசியாக ஒன்று, என் மனதுக்கு மிக நெருக்கமானது. வீட்டில் இருப்பவர்கள் கேட்பதெல்லாம் பிள்ளையின் பிழைகளைத்தான். தவறும் அந்த நான்கு அடிகளை நூறு முறை கேட்கிறார்கள். முழுப் பாட்டு மட்டும் எங்கோ மேடையில், யாரோ கேட்க ஒலிக்கிறது. சகித்துக்கொண்டவர்களுக்குப் பலன் போய்ச் சேருவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து நிமிடம், அந்த வாரம் பழகியதில் தேறிய ஒரு பாட்டை வீட்டாருக்கு முழுசாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள். எதற்காகப் பொறுத்தோம் என்று அவர்களுக்குத் தெரியும். யார் பொறுத்ததால் தனக்கு இது வந்தது என்று பிள்ளைக்கும் தெரியும். அதன்பிறகு அந்த நாற்பது நிமிடச் சத்தம் ஒருவனுடைய பிடிவாதமாக இருக்காது. குடும்பம் சேர்ந்து செய்யும் ஒரு வேலையாகிவிடும்.